முதலில் கிரைண்டர், அப்புறம் டார்ச்: வெல்டிங்குக்கு முன் வண்டித் தகட்டில் பெயிண்ட் எடுப்பது

வெல்டிங் கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் எல்லாரும் டார்ச்சைப் பிடிக்கத்தான் ஆசைப்படுவார்கள். நான் அவர்கள் கையில் முதலில் கொடுப்பது கிரைண்டரை. பழைய வேன் கதவு ஒன்றை மேசையில் போட்டு, "இதில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் எடு" என்பேன். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்வார்கள். தகடு பளபளவென்று இருக்கும். தொட்டுப் பார்த்தால் சுடும். விரலால் அழுத்தினால் பிஸ்கட் டின் மூடியைப் போல 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்பி வரும். பெயிண்ட்டோடு சேர்த்துத் தகட்டின் உரத்தையும் தேய்த்து எடுத்திருப்பார்கள்.

அந்த ஐந்து நிமிட வேலையை எப்படிச் சரியாகச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், சொந்தமாக வேனோ லாரியோ வைத்துக்கொண்டு, பட்டறைக்காரர் நம் வண்டியில் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காகவும்.

சிங்கப்பூரில் இந்த வேலைக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். 1990இல் வந்த சி.ஓ.இ. (வாகன உரிமைச் சான்றிதழ்) முறையில் ஒரு வண்டியின் உரிமை பத்து ஆண்டுக்குத்தான். அதன் பிறகு வண்டியைக் கழிக்கலாம், அல்லது பணம் கட்டி ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ நீட்டிக்கலாம். நீட்டித்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர். பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுக்கு ஒரு முறையும், சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சோதனைக்குப் போக வேண்டும். கதவுக்கு அடியில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி, கட்டைவிரலால் அழுத்தினால் பொறுக்கு உதிர்ந்து ஓட்டை தெரிகிற வண்டிகள் அந்தத் தேதி நெருங்கும்போது உபி, சின் மிங், காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறைகளுக்கு வந்து சேரும். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஊரில் டிங்கரிங் என்போமே, அந்த வேலைதான். அதன் முதல் படி பெயிண்ட் எடுப்பது.

தகட்டின் மேல் என்னென்ன இருக்கிறது

பெயிண்ட் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நான்கைந்து அடுக்கு. கீழே இருந்து மேலே போவோம்.

முதலில் இரும்புத் தகடு. கார்களின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கேதான் திரும்பி வரப் போகிறோம். அதன் மேல் பல வண்டிகளில் துத்தநாகப் பூச்சு இருக்கும். துரு பிடிக்காமல் இருக்க ஆலையிலேயே போட்டது. ஏழெட்டு மைக்ரான் முதல் பத்து மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். துத்தநாகத்தின் மேல், பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காக மெல்லிய பாஸ்பேட் படலம்.

அடுத்து வருவது ஆலையில் போடும் முதல் ப்ரைமர். வண்டியின் முழுக் கூட்டையும் பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி ஒட்டவைக்கிறார்கள். சுமார் 20 மைக்ரான். முக்கி எடுப்பதால் இந்தப் பூச்சு தகட்டின் வெளிப்பக்கம் மட்டுமில்லாமல் உள்பக்கம், மடிப்பு, இடுக்கு எல்லா இடத்திலும் இருக்கும். அதற்கு மேல் இரண்டாவது ப்ரைமர், அப்புறம் நாம் கண்ணால் பார்க்கும் நிறம், கடைசியாகப் பளபளப்பு தரும் கிளியர். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். இரண்டு தலைமுடியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கனம்.

இது ஆலையிலிருந்து வந்த கணக்கு. ஏற்கெனவே அடிபட்டுச் சரிசெய்த வண்டியில், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கும். அது சில மில்லிமீட்டர் கனத்துக்குக்கூட இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் சின்னக் காந்தம். தகட்டின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். ஒட்டிக்கொண்டு வந்த காந்தம் ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. வண்டியில் எங்குமே ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். கிரைண்டரை எடுக்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

பெயிண்ட் இருந்தால் என்ன ஆகும்

மின்சாரத்தால் பற்றவைக்கும்போது மின்னோட்டம் டார்ச்சிலிருந்து தகட்டுக்குப் பாய்ந்து, எர்த் கிளிப் வழியாகத் திரும்ப வேண்டும். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. டார்ச் முனை படும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் ஆர்க், அதாவது இரும்பை உருக்கும் மின்பொறி, ஒழுங்காகப் பிடிக்காது, வெடித்து வெடித்து அணையும். எர்த் கிளிப்புக்கு அடியில் பெயிண்ட் இருந்தாலும் இதே கதைதான். புதியவர்கள் பற்றவைக்கும் இடத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, கிளிப்பைப் பெயிண்ட் மேல் மாட்டிவிடுவார்கள். மிஷினில் கோளாறு என்று அரை நாள் அதைத் திருகிக்கொண்டிருப்பார்கள். கிளிப்புக்கும் ஒரு காசு அகலத்துக்குச் சுத்தமான இரும்பு வேண்டும், அதுவும் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். ஆலைகளில் செய்யும் ஸ்பாட் வெல்டிங் முறையில் இரண்டு செம்பு முனைகள் தகடுகளை நடுவில் வைத்து அழுத்தி மின்சாரம் செலுத்தும். அங்கே நடுவில் பெயிண்ட் இருந்தால் மின்சாரம் பாயவே பாயாது.

இரண்டாவது, பெயிண்ட் எரிந்து வாயுவாகும். கொதிக்கிற எண்ணெயில் ஈரம் சொட்டச் சொட்ட வடையைப் போட்டால் எப்படிச் சீறித் தெறிக்கும்? உருகிய இரும்புக்குள் பெயிண்ட் எரிந்த வாயு மாட்டினாலும் அப்படித்தான். கொஞ்சம் பொறியாக வெளியே தெறிக்கும், மீதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரும்பு இறுகும்போது அந்த வாயு இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். மேலே பார்த்தால் பற்றவைத்த கோடு, நாங்கள் தையல் என்போம், நன்றாகத்தான் தெரியும். கிரைண்டரால் சமப்படுத்தும்போதுதான் ஊசித் துளைகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போகும், அங்கிருந்தே மறுபடி துரு ஆரம்பிக்கும்.

துத்தநாகமும் இதே தொல்லையைக் கொடுக்கும். இரும்பு உருகுவது சுமார் 1500 டிகிரி செல்சியஸில். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகும் முன்பே அது வெள்ளைப் புகையாக எழும்பி உருகிய குழம்பைக் கிளறிவிடும். ஆனாலும் துத்தநாகத்தைப் பெயிண்ட் போல முழுதாக எடுத்துவிடக் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புகை

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தகடு கெட்டால் வேறு தகடு வாங்கலாம்.

இன்றைய வண்டிப் பெயிண்ட்டில் பெரும்பாலானவை கடினமாக்கி கலந்து அடிப்பவை. அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பெயிண்ட் காய்ந்த பிறகு அது அடங்கிவிடுகிறது. காய்ந்த பெயிண்ட்டைச் சூடாக்கி எரித்தால் மறுபடி வெளியே வருகிறது. ஆஸ்துமா வரவழைக்கும் பொருள் இது. ஒருவருடைய உடம்பு ஒரு தடவை இதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், அப்புறம் மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். பெயிண்ட் மேலேயே பற்றவைத்து "எரிந்து போகட்டும்" என்று விடுவது இதனால்தான் ஆபத்து. கிரைண்டரை அழுத்தித் தேய்த்து, பெயிண்ட் கருகும் வாடை வந்தாலும் அதே ஆபத்துதான். வாடை வந்தால் அழுத்துவதை நிறுத்துங்கள்.

துத்தநாகப் புகையால் ஒரு காய்ச்சல் வரும். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிர் நடுக்கம், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துக்கொள்வோம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். பால் குடித்தால் வராது என்று வெல்டர்களிடையே பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் புகையை வெளியே இழுக்கும் விசிறியும் சரியான முகமூடியும் இல்லாமல் பால் மட்டும் காப்பாற்றாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. பெயிண்ட் எடுத்த பிறகு எண்ணெய்ப் பசையைத் துடைக்கக் கையில் கிடைத்த பிரேக் கிளீனரை அடிப்பார்கள். அதில் சில வகைகளில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதன் ஈரமோ ஆவியோ தகட்டில் மிச்சம் இருக்கும்போது ஆர்க் அடித்தால், வெப்பமும் ஆர்க்கின் புற ஊதாக் கதிரும் சேர்ந்து அதை பாஸ்ஜீன் வாயுவாக மாற்றக்கூடும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாமல் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். எனவே டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெர்குளோரோ, டெட்ராகுளோரோ, மெத்திலீன் குளோரைடு என்று 'குளோர்' சேர்ந்த பெயர் ஒன்று தெரிந்தாலும் அந்த டப்பா வெல்டிங் நடக்கும் இடத்துக்கு வரக் கூடாது. குளோரின் இல்லாத பிரேக் கிளீனர் தனியாகவே கிடைக்கிறது. அதையும் முழுவதும் உலரவிட்டுத்தான் ஆர்க் அடிக்க வேண்டும், ஏனென்றால் அது தீப்பிடிக்கும்.

முகமூடி விஷயம். தூசிக்கு என்.95 அல்லது அதற்கு மேற்பட்டது போதும். கரைப்பான் ஆவிக்கு அது போதாது, கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். தாடி இருந்தால் இரண்டுமே முகத்தில் சரியாக ஒட்டாது, ஓரத்து இடைவெளி வழியாகப் புகை உள்ளே போகும். பட்டறையில் முகமூடி கேட்கக் கூச்சப்படும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். 2006இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரின் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். மூன்று பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைக்கும் பொருந்தும். முகமூடி கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

எதை வைத்து எடுப்பது

இப்போது அந்த 0.7 மில்லிமீட்டருக்குத் திரும்புவோம். பெயிண்ட்டின் கனம் 0.15 மில்லிமீட்டர். அதை எடுக்கும் ஆர்வத்தில் இரும்பிலும் இன்னொரு 0.15 போனால், தகட்டில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. மெலிந்த இடத்தில் ஆர்க் பட்டால் ஓட்டை விழும். எந்தக் கருவியை எடுப்பது என்ற கேள்விக்கெல்லாம் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் முதலில் பரிந்துரைப்பது ஸ்ட்ரிப் டிஸ்க். கரடுமுரடான நைலான் வலை போல, தேங்காய் நாரைச் சுருட்டி வைத்ததுபோல இருக்கும். கறுப்பு, நீலம், ஊதா என்று நிறம் நிறமாக வரும். நான்கு அங்குல கிரைண்டரில் மாட்டலாம். பெயிண்ட்டையும் மேல் துருவையும் அள்ளி எடுக்கும், இரும்பை அதிகம் தின்னாது. தட்டையாக வைத்து அழுத்தாமல், கிரைண்டரின் எடை மட்டும் இறங்கும்படி நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும். கூரான தகட்டு விளிம்பில் மட்டும் கவனம் வேண்டும், டிஸ்க் பிய்ந்து பறக்கும்.

ஃபிளாப் டிஸ்க் இதற்கு நேர் எதிர். உப்புத்தாளை அடுக்கடுக்காக ஒட்டியது. பற்றவைத்த தையலைச் சமப்படுத்த அது அருமையான கருவி, ஆனால் பெயிண்ட் எடுக்க வேண்டாம். வேகமாக எடுக்கிறது என்று எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். இரும்பையும் அதே வேகத்தில் எடுக்கும், சூட்டையும் ஏற்றும். மெல்லிய தகடு சூடாகும்போது விரிந்து, பக்கத்தில் போக இடமில்லாமல் புடைக்கும். ஆறிய பிறகு பழைய வடிவத்துக்கு வராது. நான் முதலில் சொன்ன அந்த 'டொக்' சத்தம் இதனால்தான். தேய்க்கும் இடத்தில் இரும்பு நீலம் பூத்தால் சூடு 300 டிகிரி அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இடையிடையே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் வேறு இடத்துக்கு நகருங்கள், இது ஆறட்டும்.

கம்பி பிரஷ் மூலை முடுக்குகளுக்கும் தையல் இடுக்குகளுக்கும் நல்லது. இரும்பைத் தின்னாது. ஆனால் கம்பி ஒவ்வொன்றாகக் கழன்று ஊசி மாதிரி பறக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முழு முகக் கவசம் வேண்டும். தடிமனான பெயிண்ட்டில் சூடாகி, எடுப்பதற்குப் பதில் மெழுகு போல இழுவித் தேய்த்துவிடும்.

எந்த டிஸ்க்காக இருந்தாலும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று சுற்றும். குறைந்த வேக டிஸ்க்கை மாட்டினால் அது வெடித்துச் சிதறலாம். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்பவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள்.

ஓரங்களைச் சரிவாக்க, 80ஆம் எண் உப்புத்தாள் மாட்டிய டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) சாண்டர் நல்லது. அது சுற்றிக்கொண்டே ஆடுவதால் ஓரிடத்தில் சூடு தங்காது. குறுகிய விளிம்புகளுக்கு விரல் அகலப் பெல்ட் சாண்டர்.

பெயிண்ட் கரைக்கும் ரசாயனம் இரும்பை ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் மடிப்புக்குள் போனால் கழுவினாலும் வராது. மாதங்கள் கழித்து அங்கிருந்து கசிந்து புதுப் பெயிண்ட்டைத் தூக்கிவிடும். கழற்றி எடுத்த பானெட், மட்கார்டு போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பழைய வகை ரசாயனங்களில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. மூடிய இடத்தில் அதைச் சுவாசித்து ஆட்கள் இறந்ததால் அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கு அதை விற்கத் தடை போட்டது. மணல் அடித்து எடுப்பதும் உண்டு. தட்டையான பெரிய தகட்டில் அடித்தால் அது வளைந்துவிடும், சட்டகத்துக்கும் சக்கர வளைவுக்கும் பொருந்தும். சாதாரண மணலை அடிக்கவே கூடாது. அதன் சிலிக்கா தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும். அதற்கென்றே உள்ள கார்னெட் போன்ற துகள் வேண்டும்.

எவ்வளவு, எங்கே

வெட்டும் கோட்டை வரைந்துகொண்டு, கோட்டின் இரு பக்கமும் ஓர் அங்குலம் வரை இரும்பு தெரிய எடுங்கள். டார்ச் வழியாகக் கம்பியைத் தானாக ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்குக்கு அது போதும். அதற்கு அப்பால் பெயிண்ட் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து விடுங்கள், பிறகு ப்ரைமர் அடிக்கும்போது படி தெரியாது. எங்கே எடுத்தாலும் அங்கே திரும்பப் பூச வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் தேவைக்கு மேல் எடுக்கக் கை வராது.

அப்புறம், பின்பக்கம். ஆலையில் தொட்டியில் முக்கிய கதையைச் சொன்னேனே, அதனால் பின்பக்கமும் பெயிண்ட் இருக்கும். அது மட்டுமா, இரைச்சலைக் குறைக்க ஒட்டிய தார் அட்டை, இடுக்குகளுக்குள் அடித்த மெழுகு, நுரை, வயர் எல்லாம் அங்கேதான். நான் வேலைக்கு வந்த புதிதில் லாரி கேபின் தளத்தில் ஒரு துண்டு பற்றவைத்தேன். மேல்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தேன். அடிப்பக்கம் குனிந்து பார்க்கவில்லை. மூன்றாவது புள்ளி வைக்கும்போது அடியிலிருந்து கறுப்புப் புகை வந்தது, தார்ப் பூச்சு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மூத்தவர் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அடுத்த நாள் வெட்டிப் பார்த்தோம். கரி கலந்து தையல் முழுக்கத் துளை. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வருவேன்.

கை போகாத பெட்டி மாதிரியான இடங்களில் பின்பக்கத்தை முழுதாக எடுக்க முடியாது. துருவை வெட்டி எடுத்த வாய் வழியாக எட்டும் வரை எடுங்கள். எட்டாத இடம் எரியத்தான் செய்யும், வேலை முடிந்ததும் அதற்கு உள்ளே மெழுகு அடித்தாக வேண்டும். பக்கத்தில் எண்ணெய்க் குழாயோ டாங்கியோ இருந்தால் கழற்றாமல் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கணினிப் பெட்டிகளும் ஏர்பேகும் இருக்கிற வண்டிகள் இவை. ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் அது ஹைப்ரிட் அல்லது மின் வண்டியின் உயர் மின்னழுத்த வயர். பயிற்சி பெற்றவர் வரும்வரை கிரைண்டரைக் கீழே வையுங்கள். பற்றவைத்து முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பஞ்சுக்குள் விழுந்த பொறி உடனே காட்டிக்கொடுக்காது.

துத்தநாகத்துக்கு வருகிறேன். மிக் தையல் விழும் கோட்டில் அதை எடுக்கத்தான் வேண்டும். ஸ்பாட் வெல்டிங் செய்யும் விளிம்புகளில் எடுக்க வேண்டாம். துத்தநாகம் மின்சாரத்தைக் கடத்தும், பெயிண்ட் போனால் போதும். அதோடு இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று படியும் அந்த இடுக்கில்தான் பின்னாளில் தண்ணீர் தேங்கும். இரும்புக்குப் பதில் தான் அரித்துப் போய்க் காப்பாற்றுவது துத்தநாகம். அங்கே கிரைண்டர் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போன்ற கரடான நார்த் தட்டால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். எங்கே நிறுத்துவது என்று நிறமே சொல்லும். துத்தநாகம் மங்கிய சாம்பல், இரும்பு பளிச்சென்ற வெள்ளி. சாம்பல் தெரிந்ததும் நிறுத்தினால் சரி. பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும் என்று கை துடிக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

துத்தநாகம் போய்விட்ட இடங்களில், தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் முகங்களுக்கு மட்டும், வெல்ட்-த்ரூ ப்ரைமர் என்ற துத்தநாகப் பூச்சை மெல்லியதாக அடிக்கலாம். பெயரைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் அடித்து அதன் மேலேயே பற்றவைக்கிறார்கள். அதுவும் ஆவியாகிற துத்தநாகம்தான். துளை போட்டு நிரப்பும் முறையில் பற்றவைத்தால், அந்தத் துளைக்குள் தெரியும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு ஆர்க் அடியுங்கள். வண்டித் தயாரிப்பாளரின் கையேடு இதைப் பயன்படுத்தாதே என்றால் அதுவே கடைசி வார்த்தை.

அலுமினியத் தகட்டுக்கு இரும்பில் தேய்த்த டிஸ்க்கையோ பிரஷ்ஷையோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள், இரும்புத் துகள் பதிந்து அங்கே அரிக்கும். அதன் தூசி குவிந்தால் தீயும் பிடிக்கும். அது தனிப் பாடம். அதேபோலக் கூரையைத் தாங்கும் தூண்கள். புதிய கார்களில் அவற்றில் 1,500 மெகாபாஸ்கல் வலிமையுள்ள எஃகு இருக்கலாம். சூடு பட்டால் அதன் வலிமை போய்விடும். தொடக்க நிலையில் இருப்பவர் அங்கே பெயிண்ட் எடுக்கவே ஆரம்பிக்க வேண்டாம்.

நம் ஊர்க் காற்று

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் இன்னும் அதிகம். பெயிண்ட்டை எடுத்துவிட்ட இரும்பு அந்தக் காற்றில் அம்மணமாக நிற்கிறது. வியர்த்த கையால் தொட்டால் மறுநாள் காலை ஐந்து விரலும் துரு நிறத்தில் பதிந்திருக்கும். எனவே இன்று பெயிண்ட் எடுத்து அடுத்த வாரம் பற்றவைக்கிற வேலை இங்கே ஆகாது. அன்று பற்றவைக்க முடிகிற அளவு மட்டும் எடுங்கள். ஷட்டர் திறந்த பட்டறையில் மழைச் சாரல் உள்ளே வரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

துடைப்பதற்கு இரண்டு துணி. ஒன்றில் மெழுகு, எண்ணெய் நீக்கும் கரைசல், அதுவும் குளோரின் இல்லாதது. இன்னொன்று காய்ந்தது. முதல் துணியால் நனைத்த உடனே, அது உலர்வதற்கு முன், இரண்டாவது துணியால் துடைத்து எடுங்கள். தானாக உலரவிட்டால் கரைந்த எண்ணெய் மறுபடி அதே இடத்தில் படியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பற்றவைத்துச் சமப்படுத்திய அன்றே எபாக்சி ப்ரைமர், அது காய்ந்ததும் தையல்களுக்கு சீலர், கடைசியில் உள்ளே மெழுகு.

கீழே கொட்டிய பெயிண்ட் தூளையும், கரைப்பான் நனைந்த துணியையும் மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் கூட்டித் தள்ளாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் போவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. மூடி போட்ட இரும்புப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை சொந்த வண்டியில் கை வைக்காதீர்கள். பழைய வண்டி கழிக்கும் இடத்திலிருந்து துரு இல்லாத மட்கார்டு ஒன்று வாங்குங்கள். நான்கு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டில் முன்பக்கம் மட்டும் பெயிண்ட் எடுத்து, ஒட்டி வைத்துப் பற்றவையுங்கள். மற்ற இரண்டில் இரு பக்கமும் எடுத்துத் துடைத்துப் பற்றவையுங்கள். இதைத் திறந்த, காற்றோட்டமான பட்டறையில், முகமூடியோடு செய்யுங்கள். ஆறியதும் இரண்டையும் வைஸில் மாட்டி, தையலின் மேல் முன்னும் பின்னும் வளைத்து உடையுங்கள். உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முதல் ஜோடியில் தையலின் உள்ளே கறுப்புத் துளைகள் தேன்கூடு போலத் தெரியும், தையலோடேயே பிளந்திருக்கும். இரண்டாவது ஜோடியில் தையல் அப்படியே இருக்க, பக்கத்துத் தகடுதான் கிழிந்திருக்க வேண்டும். அப்படிக் கிழியும்வரை மட்கார்டிலேயே பழகுங்கள்.